‘நமக்கு’ என்றால் யாருக்கு

...பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள், தப்பு என்று எழுதக் கூடாது, அவர்களுக்குத் தோன்றியதை அப்படியே குறித்துக்கொள் என்று வழிகாட்டி சார் சொல்லித்தான் அனுப்பினார், ஆனாலும் இது தப்புத்தானே, என்று நினைத்தபடி நஸீஹா மண்டபம் மீன்பிடித் தளத்தில் கேள்வித்தாளும் கையுமாக நின்றாள், ஐஸ் தண்ணீர் செருப்புக்குள் ஏறிக்கொண்டிருந்தது. தத்துவத்தில் முனைவர் பட்டம், உம்மா பக்கத்து வீட்டில் சென்சஸ் வேலை என்று சொல்லிவைத்திருக்கிறாள், திங்கட்கிழமை மூன்றாம் அத்தியாயத்தைக் கொடுத்தாக வேண்டும், அத்தியாயம் மொத்தமும் ஒரே வரியில் நிற்கிறது, ‘அவளுக்குத் தெரியாது என்றே நமக்கெல்லாம் உடனே தோன்றும்.’ அவள் என்றால் கேள்வியில் வரும் பெண், தூரத்தில் பச்சைக் கொடிப் படகைப் பார்த்துப் புருஷன் திரும்பிவிட்டான் என்று நம்புகிறாள், அது வேறு யாருடைய படகோ, ஆனால் புருஷனும் வேறொரு படகில் கரை சேர்ந்துவிட்டான்... நம்பியது உண்மை, சரி, ஆனால் அவன் வந்தது அவளுக்குத் தெரியும் என்று சொல்லலாமா? அந்தப் பத்துப் பேரும் சொல்லலாம் என்றுவிட்டார்கள். கூத்தையா என்ற ஏலக்காரர், “அடுத்தவன் படகத் தம் படகுங்கிற பொம்பள இங்கன கிடையாது, கேள்வியே தப்பு” என்று போய்விட்டார், அதற்கு எந்தக் கட்டத்தில் டிக் போடுவது?

பதின்மூன்றாவது ஆள் மகேஸ்வரி, நண்டு தரம் பிரிப்பவள், தலை நிமிராமலே சொன்னாள், “தெரியும்தான்.”

“அவ பாத்தது வேற படகு, அக்கா.”

“புருசன் வந்துட்டானா இல்லையா?”

“வந்துட்டார்.”

“பெறகென்ன, சோத்த வடிக்கச் சொல்லு.”

படிக்காதவர்களின் உள்ளுணர்வு, பழகினால் சரியாகிவிடும் என்று எழுதிவிடலாமா... மகேஸ்வரி ஒரு நண்டைத் தூக்கித் உள்ளே சதை இல்லாத தண்ணி நண்டு என்று ஒதுக்குகிறாள், உடைக்காமல் எப்படித் தெரியும் என்றால் “தோணும்” என்கிறாள், இருபது வருஷப் பழக்கம், ஆனால் நண்டை உடைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும், நமக்குத் தோன்றுவதை எதை உடைத்துப் பார்ப்பது?

“ஒனக்கு என்ன தோணுது தாயி? பொஸ்தகத்துல இருக்கத சொல்லாத.”

நஸீஹா கேள்வித்தாளைப் புரட்டினாள். எம்.ஏ. முதல் வகுப்பு நினைவுக்கு வந்தது, சார் இதேபோல் ஒரு கேள்வி கேட்டு, கேள்வியில் வருபவனுக்குத் தெரியும் என்று தோன்றுகிறவர்கள் கை தூக்குங்கள் என்றார், முதலில் தூக்கியவள் நஸீஹாதான், வேறு ஒருவரும் தூக்கவில்லை, தூக்கிய கையை முக்காட்டைச் சரிசெய்வதுபோல் மெல்ல இறக்கிக்கொண்டாள்... அன்றிலிருந்துதான் அவளுக்கும் ‘தெரியாது’ என்றே உடனே தோன்றத் தொடங்கியது.