அளவுக்கு ஓர் ஆள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு நான் சிவப்பு மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, கடலைப் பார்த்தபடி, என் கணவருக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். மழை பெய்யாவிட்டாலும் மழைக்கோட்டுதான். புழுங்கிச் செத்தாலும் மழைக்கோட்டுதான். பாறை எவ்வளவு பெரியது, கடல் எவ்வளவு அகலம் என்று படம் பார்க்கிறவர்களுக்குத் தெரிவதற்கு அளவுக்கு ஓர் ஆள் வேண்டுமாம். அந்த ஆள் நான். ஊரில் இருக்கிற எல்லா மனைவிகளுக்கும் ஞாயிற்றுக்கிழமை என்றால் கூடுதலாக அரை மணி நேரத் தூக்கம். எனக்கு மணலில் நிற்கும் உத்தியோகம்.

அவர் துறைமுகத்தில் முப்பத்து மூன்று வருடம் கிரேன்களுக்கு விசில் ஊதியவர். கீழே நின்று விசில் ஊதிக் கைகாட்டினால், மேலே மாடி வீடு அளவுக்குப் பெட்டிகள் நகரும். ஓய்வு பெற்ற பிறகு ஊதுவதற்குக் கிரேன் இல்லை, நான் இருக்கிறேன். ஒரு விசில் ஊதினால் இடது பக்கம் நகர வேண்டும். இரண்டு ஊதினால் வலது பக்கம். நீளமாக ஊதினால் அசையாமல் நிற்க வேண்டும். அலைகள் பனி போலப் படத்தில் விழ வேண்டும் என்று அரை நிமிடம், முக்கால் நிமிடம் கேமராவைத் திறந்தே வைத்திருப்பார். அந்த நேரத்தில் புறங்கையில் கொசு உட்கார்ந்தாலும் அது குடித்து முடிக்கும்வரை நான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரே எடுப்பவள். வாரத்தில் ஆறு நாள் அடுத்தவர்களை "அசையாதீங்க, மூச்சைப் பிடிங்க" என்று அதட்டுகிறேன். ஏழாவது நாள் அந்தப் பாவத்துக்கெல்லாம் சேர்த்து அனுபவிக்கிறேன் என்று உடன் வேலை செய்கிறவர்கள் கிண்டல் செய்வார்கள். நானும் சிரிப்பேன். வேறென்ன செய்ய?

இதற்கு நான்தான் காரணம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெற்ற முதல் வருடம் அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். காலையில் எழுந்து முகம் கழுவி, காபி குடித்துவிட்டு, வேலைக்குப் போகிற சட்டையைப் போட்டுக்கொண்டு மறுபடி வந்து படுப்பார். கூப்பிட்டால் திரும்புவார், பேசமாட்டார். ஒருநாள் நான் வேலையிலிருந்து வந்தபோது காஸ் அடுப்பு அணைந்து, வாடை வீடு முழுக்க நிறைந்திருக்க, அவர் அப்படியே படுத்திருந்தார். பால் வைத்ததை மறந்துவிட்டேன் என்றார். மறதிதானா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, இவரைச் சும்மா இருக்க விடாதீர்கள் என்று என்னிடம் தனியாகச் சொன்னார். நான்தான் கேமரா வாங்கிக் கொடுத்தேன். நான்தான் புகைப்படச் சங்கத்தில் சேர்த்துவிட்டேன். முதல் வாரம் படத்தில் நிற்க ஆள் இல்லை என்று அவர் முழித்தபோது, நான் நிற்கிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவளும் நானேதான்.

சங்கத்தில் அந்த வருடம் 'வீட்டருகே கடல்' என்று ஒரு போட்டி வைத்தார்கள். வீட்டிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் எடுத்திருக்க வேண்டும். ஐம்பத்திரண்டு ஞாயிற்றுக்கிழமை, ஒரு வாரமும் தவறக் கூடாது. படத்தில் ஆள் இருந்தால் கடைசிவரை அதே ஆள் இருக்க வேண்டும். அவர் ஆளோடு எடுப்பதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த ஆளை யாரும் கேட்கவில்லை. பத்து கிலோமீட்டருக்குள் என்ன பெரிதாக இருந்துவிடப் போகிறது? ஒரு பாறைத் திட்டு, உடைந்த படகுத்துறை, உப்பங்கழி, கலங்கரை விளக்கம். சுற்றிச் சுற்றி அவற்றையே எடுத்தார். ஆனால் மனிதர் தேறிவிட்டார். சனிக்கிழமை மாலை லென்ஸைத் துடைத்துக்கொண்டே ஏதோ முணுமுணுத்துப் பாடுவார். அந்தப் பாட்டைக் கேட்டால் எனக்குச் சந்தோஷமாகவும் இருக்கும், கழுத்தை நெரிக்கலாம் போலவும் இருக்கும்.

நாற்பத்தைந்து வாரம் முடிந்திருந்தபோது என் தங்கையின் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள்.

அவள் தனி ஆள். எட்டு மணி நேரப் பயணத்தில் வேறு நகரத்தில் இருக்கிறாள். மார்பில் கட்டி. மூன்று மாதம் மருந்து ஏற்றிச் சுருக்கி, இப்போது எடுக்கப் போகிறார்கள். போனில் அதிகம் பேசவில்லை. "மயக்கம் தெளியும்போது நீ பக்கத்துல இருக்கணும்க்கா. வேற யாரையும் பார்க்க வேணாம் எனக்கு" என்றாள். நாற்பது நாளாவது நான் கூட இருக்க வேண்டியிருக்கும். நாற்பது நாள் என்றால் ஐந்தாறு ஞாயிற்றுக்கிழமை.

கடற்கரையிலிருந்து திரும்பும்போது காரில் அவரிடம் சொன்னேன். அவர் போகாதே என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். சரி என்று தலையாட்டினார். வீட்டுக்கு வந்தார், கேமராவைப் பையில் போட்டு ஜிப்பை மூடினார், பையைப் பரணில் ஏற்றினார், காலை ஒன்பது மணிக்குச் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். திங்கட்கிழமையும் அப்படியே கிடந்தார். செவ்வாய்க்கிழமை வேலைச் சட்டையைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். நான் கிளினிக்கிலிருந்து மணிக்கொரு தரம் போன் செய்து, அடுப்பை அணைத்தீர்களா என்று கேட்டேன்.

செவ்வாய் இரவு தங்கைக்குப் போன் செய்து, பார்க்கிறேன், கொஞ்சம் சிரமமாக இருக்கிறது என்று மென்று முழுங்கினேன். அவள் கோபப்படவில்லை. சரிக்கா என்றாள். அந்தச் சரியை நினைத்துக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். எனக்கு இருப்பது ஒரே ஒரு தங்கை. அவளுக்கு உடம்பு அறுபடும்போது நான் மணலில் ஒரு சிவப்புப் புள்ளியாக நிற்க வேண்டுமா? வேண்டாம் என்று சொல்ல வாய் இருக்கிறது. சொல்லிவிட்டுப் போனால், திரும்பி வரும்போது இந்த வீட்டில் என்ன இருக்கும் என்ற பயமும் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை மாலை நான் வீட்டுக்கு வந்தபோது அவர் எழுந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் களை. சாப்பாட்டு மேஜை மேல் ஒரு பெரிய படம் விரித்திருந்தது. முப்பத்தோராவது வாரத்துப் படம். கண்காட்சிக்கான சுவரொட்டிக்கு அதைத்தான் சங்கத்தில் ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்களாம். உடைந்த படகுத்துறை, பின்வாங்கும் அலை, நடுவில் சிவப்பு மழைக்கோட்டில் ஒரு பெண்.

"இத்தனை படத்துல இதுலதான் நீ நிஜமாவே கடலைப் பார்த்துட்டு நிக்கிறே" என்றார். "மத்ததுல எல்லாம் எப்படா முடியும்னு நிப்பே."

நான் படத்தைப் பார்த்தேன். முதுகுகளைப் பார்ப்பது என் தொழில். அந்த முதுகில் வலது தோள் இரண்டு விரல் தாழ்ந்திருந்தது. பல வருடம் ஒரே தோளில் பையை மாட்டிய முதுகு. என்னுடையது இல்லை.

எனக்கு அது முதலிலேயே தெரியும். தங்கைக்கு வந்திருப்பது இன்னதென்று தெரிந்தது அந்தப் படம் எடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில்தான். அவர் கேமரா முக்காலியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டார். நான் காரை விட்டு இறங்கும்போது போன் அடித்தது. அவள் அழுதுகொண்டிருக்கும்போது எப்படி வைப்பேன்? கார் நிறுத்துமிடத்தில் டிக்கெட் கிழிக்கும் அம்மாவைக் கூப்பிட்டு, மழைக்கோட்டை மாட்டிவிட்டு, தலைமூடியை இழுத்துவிட்டு, போய்ச் சும்மா நில்லுங்கள் என்று அனுப்பினேன். அந்த அம்மாவுக்கு விசில் கணக்கெல்லாம் தெரியாது. அவர் பாட்டுக்குப் போய் நின்று கடலைப் பார்த்தார். திரும்பி வந்து, இங்கேயே வேலை செய்கிறேன், இவ்வளவு கிட்டத்தில் போய்ப் பார்த்து நாலு வருடம் ஆகிறது என்றார். என் கணவர் அன்று முழுக்க, காற்றில் விசில் கேட்கவில்லையா என்று குறைபட்டுக்கொண்டார். கேட்கவில்லை என்றேன். அதற்கு மேல் சொல்ல அன்று எனக்குத் திராணி இல்லை. அப்புறம் சொல்லத் தோன்றவும் இல்லை.

அவர் இப்போது படத்தை மேஜையில் நீவிவிட்டுக்கொண்டிருந்தார். இருபத்தெட்டு வருடம் ஒரே வீட்டில் புழங்கியிருக்கிறோம்.

"அது நான் இல்லை" என்றேன். "டிக்கெட்டம்மா."

அவர் படத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். நான் நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் கத்துவார் என்று காத்திருந்தேன். கத்த வேண்டும் என்றே விரும்பினேன். அவர் கத்தினால் நானும் கத்துவேன். அந்தச் சூட்டோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடலாம். படத் தொடர் உடைந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமையும் இல்லை, நானும் இல்லை.

அவர் போனை எடுத்தார். சங்கச் செயலாளரிடம், முப்பத்தோராவது படத்தில் ஆள் மாறிவிட்டது, தன் கவனக்குறைவு, போட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள், சுவரொட்டி வேண்டாம் என்று சொன்னார். என் பெயரை இழுக்கவில்லை. எதிர்முனையில் என்னவோ சமாதானம் சொன்னார்கள், யாருக்கும் தெரியப் போவதில்லை என்றிருப்பார்கள். எனக்குத் தெரியுமே என்று சொல்லிவிட்டு வைத்தார்.

பிறகு என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"நீ தங்கச்சிகிட்ட போயிட்டு வா. அவசரப்படாதே. அவளுக்கு நல்லா ஆகட்டும். வந்ததும் முதல்லருந்து ஆரம்பிக்கலாம். இந்தத் தடவை நான் உன்னைச் சரியாப் பார்த்து எடுக்கிறேன்."

முதலிலிருந்து ஐம்பத்திரண்டு. ஏழு வாரத்தில் முடிய இருந்ததை நானே உடைத்து ஒரு வருடமாக்கிக்கொண்டேன். அவர் குரலில் குத்தல் இல்லை, பழி வாங்கும் நினைப்பு இல்லை. மன்னிப்புக் கேட்கிற மாதிரிதான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கெட்டவனாக இருந்தால் விட்டுப் போவது எவ்வளவு சுலபம்.

"இனிமே நான் நிக்கமாட்டேன்" என்றேன். ஒரு வருடமாக வாயில் வைத்திருந்த சொல். சொன்னதும் உடம்பு லேசானது.

அவர் தலையாட்டினார். படத்தைச் சுருட்டினார். சுருட்டியது கையிலிருந்து நழுவி விரிய, மறுபடி சுருட்டினார். பிறகு, வழி தெரியாதவர் முன்பின் தெரியாத ஆளிடம் வழி கேட்பதுபோலக் கேட்டார்.

"அப்போ ஞாயித்துக்கிழமை நான் என்ன பண்றது?"

அது உங்கள் பாடு என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டு மூன்று சொல்தான், நாக்கு நுனியில் இருந்தது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். சவரம் செய்யாத கன்னத்தில், சுவர்ப் பக்கம் படுத்துப் படுத்துத் தலையணையின் மடிப்பு அழுந்தியிருந்தது. என் கண் அடுக்களைப் பக்கம், அடுப்பின் திருகைப் பார்க்கப் போனது.

எழுந்து போய் பெட்டியை இறக்கினேன். நாலு புடவைகளை வைத்தேன். தங்கைக்குப் போன் செய்து வருகிறேன் என்றேன், அவள் அழுதாள். நான் போனை வைக்கும்வரை அவர் கதவருகில் நின்றார்.

என்றைக்குத் திரும்புவாய் என்று கேட்டார். இன்னும் தெரியாது என்று சொல்ல நினைத்துத்தான் வாயைத் திறந்தேன். அடுத்த மாதம் இருபத்து நாலாம் தேதி என்று வந்தது. அது என்ன கிழமை என்றார்.

"சனிக்கிழமை" என்றேன்.