பதினேழாவது வீடியோ

...இதுவும் ஒன்றுதான், சந்தேகமே இல்லை, பித்தப்பை மெல்லிய சுவரோடு தொளதொளவென்று கிடக்கிறது, எதிலும் ஒட்டவில்லை, அரை மணி வேலை... ஒன்று என்று குறித்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டியதுதானே, ஏன் போகவில்லை? லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பை எடுத்த வீடியோக்களைப் பார்த்து, எவ்வளவு கடினம் என்று ஒன்று முதல் நான்கு வரை தரம் போட வேண்டும், செய்தவர் பெயர் இருக்காது, காலையிலிருந்து வேகமாக ஓட்டி ஓட்டிப் பதினாறு முடித்துவிட்டாள்... திரையில் இடுக்கி கல்லீரல் ஓரத்தை இரண்டு முறை லேசாகத் தட்டியது, கதவைத் தட்டுவதுபோல. அப்படித் தட்டுகிறவன் ஒருவன்தான். இருவரும் பயிற்சியில் இருந்தபோது "உள்ள யாரும் இல்ல, தைரியமா வா" என்று அவள் சொல்லப்போய் ஆபரேஷன் தியேட்டரே சிரித்தது, மறுவருஷம் கல்யாணம்... இடுக்கி பித்தப்பைக் குழாயை நெருங்கியது, நின்றது, பின்வாங்கியது. நுனி ஆடுகிறது. கேமராதான் ஆடுகிறதோ? இல்லை, கல்லீரல் அசையாமல் நிற்கிறது. குழாயை அடைக்க ஒரு கிளிப் போட நான்கு முயற்சி. மொத்தம் இரண்டு மணி பத்து நிமிடம். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை, இந்தத் தடவை... "இன்னைக்கு ஒண்ணு உயிர வாங்கிடுச்சு, எல்லாம் ஒட்டிப்போய்க் கெடந்துச்சு" என்று செருப்பைக் கழற்றிக்கொண்டே சொல்வானே, வாரத்துக்கு இரண்டு முறையாவது, இவளும் உச்சுக்கொட்டிவிட்டுத் தட்டை எடுத்து வைப்பாளே... பயம் வர வேண்டும், வரவில்லை, பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி மரத்துக் கிடக்கிறது மனசு.

போன் அடித்தது. அவன்தான்.

"சாப்டியா? எத்தன முடிச்ச?"

"பாதி. நாளைக்கு உனக்கு கேஸ் இருக்கா?"

"ரெண்டு. ஏன், குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"கண்ணு எரியுது, வேற ஒண்ணுமில்ல."

வைத்துவிட்டாள். மூன்று என்று போட்டால் யார் கேட்கப்போகிறார்கள், இரண்டு மணி நேரத்துக்கு நியாயம் கிடைத்துவிடும், அவனும் வழக்கம்போல வீட்டுக்கு வருவான்... நாளைக்கு மேஜையில் படுக்கப்போகிற அந்த இரண்டு பேர் யார்? ஒன்று என்று குறித்தாள். கீழே 'குறிப்பு' என்ற கட்டத்தில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது. ஆளுக்குப் பத்து வீடியோ, அவரவரே பொறுக்கி அனுப்பியவை, யாராக இருந்தாலும் நன்றாக வந்ததைத்தானே அனுப்புவார்கள், இதை ஏன் அனுப்பினான்? போன மாதம் பல் தேய்த்துக்கொண்டே கேட்டான், "இந்த வீடியோவெல்லாம் யாரு பாக்கப்போறது?" "நான்தான்" என்றாள். அவன் வாயைக் கொப்பளித்துவிட்டு, கண்ணாடியில் அவளைப் பார்த்து, "நல்லதாப் போச்சு" என்றான்.