விளிம்பில் நின்ற வட்டம்

சரிவு எங்கே பிய்த்துக்கொண்டு வரும் என்று கண்டுபிடிக்க, கம்ப்யூட்டர் மண்ணுக்குள் ஆயிரக்கணக்கான வட்டங்களைப் போட்டுப் பார்க்கும். இருப்பதிலேயே மோசமான வட்டத்தை எடுத்து ஓர் எண் சொல்லும். எண் ஒன்றுக்குக் கீழே போனால் மண் நிற்காது. ஆனால் நாம் கிழித்த கோட்டுக்குள் மட்டும்தான் தேடும். சொன்ன பேச்சைத் தட்டாத ஜந்து. மோசமான வட்டம் அந்தக் கோட்டின் விளிம்பிலேயே வந்து நின்றால், அதைவிட மோசமானது வெளியே இருக்கிறது என்று அர்த்தம். கல்லூரிப் பிள்ளைக்கும் தெரிந்த சமாச்சாரம். பத்து நாளுக்கு முன் அந்த மண் பொறியாளர் இதைக் கவனிக்காமல், கட்டட அஸ்திவாரத்துக்குத் தோண்டிய குழிக்கு ஒன்று புள்ளி மூன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

இன்று காலை கோட்டை அகட்டிப் பார்த்தாள். புள்ளி ஒன்பது நான்கு. அந்த வட்டம் குழியின் அடியில் தொடங்கி, விளிம்பிலிருந்து இருபத்தொரு மீட்டர் தள்ளி, சிமெண்ட் கொட்டகைக்குப் பின்னால் மேலே வந்தது. குழிக்குள் பதினோரு பேர் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். மேலே நின்று வேலை வாங்கும் மேஸ்திரி அவளுடைய சொந்தத் தம்பி. போனை எடுக்கவில்லை. அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

"எல்லாரையும் மேல ஏத்துடா! என் கணக்கு தப்பு!"

"நீதானேக்கா கையெழுத்துப் போட்டே? மத்தியானம் கான்கிரீட் வருது. போய் உன் ரூம்ல உக்காரு."

"கொட்டகைக்குப் பின்னாடி தரை வெடிச்சிருக்கு, போய்ப் பாரு!"

"வெயில்ல மண்ணு வெடிக்காம பின்ன பூவா பூக்கும்?"

கீழே சிரித்தார்கள். அவள் தொண்டை கிழியக் கத்தினாள். அவர்கள் மேஸ்திரியின் முகத்தைத்தான் பார்த்தார்கள். வாய்ப்பேச்சுக்கு ஒருத்தனும் அசையமாட்டான் என்று புரிந்தது. கிடந்த கம்பித் துண்டை எடுத்துத் தம்பியின் தோளில் ஒன்று வைத்தாள். அவன் கெட்ட வார்த்தை சொன்னான். கீழே யாரோ ஒருத்தன் விசிலடித்தான்.

அவளுக்குத் தன்மேல் இருந்த ஆத்திரமெல்லாம் கைக்கு வந்தது. இரண்டாவது அடி முழங்காலில் விழுந்தது. எலும்பு நொறுங்கும் சத்தம் அவளுக்கே கேட்டது. அவன் விழுந்து அலறினான்.

"விடாதீங்கடா அவளை! கொல்லுங்கடா!"

இப்போது ஏணி அதிர்ந்தது. திபுதிபுவென்று ஏறி வந்தார்கள், கையில் கம்பியும் சுத்தியலுமாக. அவள் கொட்டகையைத் தாண்டி, வெடிப்பைத் தாண்டி, சாலை வரை ஓடினாள். அங்கே நின்றாள்.

முதல் அடியில் பல் உடைந்தது. விலாவில் உதைத்தார்கள். ஒருவன் முடியைப் பிடித்துத் தரையில் மோதினான். அவள் தடுக்கவே இல்லை. ரத்தம் வழியும் கண்ணால் எண்ணிக்கொண்டிருந்தாள். எட்டு, ஒன்பது. குட்டையன் ஒருத்தன் மூச்சிரைக்க ஓடி வந்தான், பத்து. கடைசியாக வந்த கிழவனும் வெடிப்பைத் தாண்டிவிட்டான். அப்பாடா என்று இருந்தது அவளுக்கு, அத்தனை அடியிலும்.

அப்புறம்தான் கால்களின் இடைவெளியில் தம்பி தெரிந்தான். குழியின் விளிம்பில், கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவனைத் தூக்குங்க!" என்றாள். வாய் நிறைய ரத்தம், ஒருத்தனுக்கும் புரியவில்லை. புரிந்துகொள்ள அவர்கள் அடியை நிறுத்தவும் இல்லை.

கொட்டகை சாய்ந்தது. தரை முழுதாக ஒரே துண்டாகக் கீழே இறங்கியது. ஏணி, பம்பு, கட்டிய கம்பிகள், எல்லாவற்றையும் மண் மூடியது. அடித்துக்கொண்டிருந்த கைகள் அப்படியே நின்றன.

கால் மட்டும் நன்றாக இருந்திருந்தால், முதல் ஆளாக அவளைத் துரத்திக்கொண்டு வந்திருக்கக்கூடியவன் அவன்தான்.