மாறிப்போன பதினாறு பக்கம்

கையில் புத்தகத்தோடு யாராவது அச்சகப் படியேறி வந்தால் பைண்டரின் கண் முதலில் முதலாளியின் நாற்காலிக்குப் போகும். பாராட்டுவதற்காகப் படியேறியவர் என்று இதுவரை ஒருவரும் இல்லை. அன்று வந்த அம்மாள் புத்தகத்தை மார்போடு அணைத்திருந்தார். பக்கம் தவறிவிடாமல் நடுவில் ஒரு விரலைக் கொடுத்திருந்தார்.

"பைண்டரு, உனக்குத்தான் விருந்தாளி," என்றாள் மடிப்புக்கார அக்கா, தாள் மடிக்கிற கையை நிறுத்தாமலே. "முதலாளி சாப்பிடப் போயிருக்காரு. நீ நல்ல நேரத்துல பொறந்தவன்."

வாங்கிப் புரட்டியதுமே விஷயம் புரிந்துவிட்டது. போன மாதம் ஒரே மேசையில் இரண்டு புத்தகங்கள் ஓடின. ஒன்று ஜெபக்கூடத்துக்காரர்கள் போட்ட இயேசுவின் வாழ்க்கை. வரிக்கு வரி கண்ணீர். மற்றது கல்லூரி வாத்தியார் ஒருவர் எழுதிய இயேசுவின் சரித்திரம். வரிக்கு வரி அடிக்குறிப்பு. நாயகர் ஒருவரே. தாளும் ஒன்றே, முதலாளி மலிவாகக் கிடைக்கிறதென்று மொத்தமாக வாங்கிப் போட்டது. பதினாறு பக்கமாக மடித்த கட்டுக்குத் தொழிலில் பாரம் என்று பெயர். பாரங்களை வரிசைப்படி அடுக்கித் தைப்பது பைண்டரின் வேலை. அடுக்கும்போது அவர் பக்க எண்ணை மட்டும் பார்ப்பார். படிக்க உட்கார்ந்தால் பிழைப்பு நடக்காது. எண் சரியாகத்தான் இருந்தது. புத்தகம்தான் வேறு.

சிலுவையடியில் தாய் நிற்பதோடு பக்திப் புத்தகம் நின்றுபோயிருந்தது. பக்கத்தைத் திருப்பினால் வாத்தியார். சிலுவையில் அறையப்பட்டவர்களின் உடல்களைப் பெரும்பாலும் வீட்டாரிடம் கொடுப்பதில்லை, நாய்க்கும் பறவைக்கும் விட்டார்கள், குழியில் தள்ளினார்கள் என்று நிதானமாகப் போய், 'ஆனால் எருசலேமின் அருகே அப்படி அறையப்பட்ட ஒருவனின் எலும்புகள்' என்று பாதி வரியில் பாரம் முடிந்தது. அதற்கு அடுத்த பக்கம், 'ஆகவே பிரியமானவர்களே, மகிழ்ந்து பாடுவோம்' என்றது.

"தப்பு எங்க மேலதாம்மா. காதும் காதும் வச்ச மாதிரி புதுசு ஒண்ணு தந்துடுறேன். முதலாளிக்குத் தெரிஞ்சா என் சீட்டைக் கிழிச்சிடுவாரு."

"புதுசு வேண்டாம் தம்பி. மூணாம் நாள் அவர் உயிர்த்தெழுந்த கதை எனக்கு மனப்பாடம். இந்த எலும்பு யாருதுன்னு சொல்லுங்க."

"அது எதுக்கும்மா உங்களுக்கு?"

"அவனை வீட்டுக்காரங்ககிட்ட குடுத்தாங்களா, இல்லையா?"

மடிப்புக்கார அக்காவின் கை நின்றது. சம்பள நாளில் தவிர அது நின்று பைண்டர் பார்த்ததில்லை.

"எம் புள்ளைக்கு சுரங்கத்துல வேலை. அவன் உள்ள இருக்கையில தண்ணி ஏறிடுச்சு. இனி யாரும் இறங்க முடியாதுன்னு வாசலைக் கட்டி மூடிட்டாங்க," என்றார் அம்மாள், விலாசம் சொல்லுகிற குரலில். "ஜெபக்கூடத்துல இந்தப் புத்தகத்தைக் குடுத்து, படிம்மா, ஆறுதலா இருக்கும்னாங்க. படிச்சேன். எனக்கு நடந்தது இந்தப் பக்கங்கள்லதான் இருக்கு."

பைண்டர் மிச்சப் பாரங்கள் கிடந்த அலமாரியைக் குடைந்து, வாத்தியார் புத்தகத்தின் அடுத்த பாரத்தை எடுத்துத் தூசி தட்டினார். அம்மாள் கையை நீட்டி, பிறகு மடக்கிக்கொண்டார். "நீங்களே படிங்க."

பைண்டர் படித்தார். "ஒரு கல்பெட்டியில் கிடைத்திருக்கின்றன. அவன் குடும்பத்தார் உடலை வாங்கி அடக்கம் செய்திருக்க வேண்டும். வலது குதிகால் எலும்பில் ஆணி அப்படியே இருந்தது. நுனி வளைந்துவிட்டதால் பிடுங்க முடியவில்லை போலும்."

அதோடு நிறுத்தினார். கீழே இன்னும் இரண்டு வரி இருந்தது. வாத்தியார்கள் அப்படி எதையாவது வைக்காமல் விடமாட்டார்கள். விழுங்கிவிடலாம், அச்சகத்தில் யார் கேட்கப்போகிறார்கள்?

"உங்க கண்ணு இன்னும் ஓடுது தம்பி. படிச்சிடுங்க."

"இயேசுவின் உடலும் இப்படிக் கொடுக்கப்பட்டிருக்கலாம். சரித்திரத்தைக் கொண்டு உறுதியாகச் சொல்ல இயலாது."

அம்மாள் தலையாட்டினார். "சுரங்க ஆபீஸ்லயும் இதையேதான் சொல்றாங்க. என்னைக்காவது எடுத்துக் குடுப்பீங்களான்னு கேட்டா, உறுதியா சொல்ல முடியாதாம். இந்த வாத்தியார் பரவால்ல. குடுத்திருக்கலாம்ங்கிறாரு."

ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெபக்கூடத்தின் கடைசி வரிசையில், செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்பவர் பைண்டர். அங்கே கேட்டதில் ஒன்று நல்லவேளையாக ஞாபகம் வந்தது. "அம்மா, எலும்புல என்ன இருக்கு? ஆத்துமாதான்..."

"வாயை மூடு பைண்டரு," என்றாள் அக்கா.

மூடினார்.

"விட்டுப்போன பக்கத்தையும் வைங்க. இந்த எலும்புப் பக்கத்தையும் வைங்க," என்றார் அம்மாள். "எல்லாத்தையும் ஒண்ணா தைச்சுக் குடுங்க."

"அட்டை மூடாதும்மா. வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கும்."

"நிக்கட்டும்."

பைண்டர் புத்தகத்தின் முதுகுத் துணியைக் கிழித்து, நூலை அறுத்து, ஊசி கோத்தார். கீழே முதலாளியின் வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. புத்தகத்தை ஒளிக்க இடமும் இருந்தது, நேரமும் இருந்தது. பைண்டர் அடுத்த துளையில் ஊசியை இறக்கினார்.

"ஆணியோடவேவா குடுத்தாங்க?"

"ஆமாம்மா. கழட்ட வரலபோல."

"அதனால என்ன? குடுத்தாங்கல்ல."

பைண்டர் நிமிர்ந்து பார்த்தார். அம்மாள் அவரைப் பார்க்கவில்லை. வலது உள்ளங்கையைக் குழித்து, விரல்களைக் கொஞ்சம் அகட்டி, பிறகு கொஞ்சம் ஒடுக்கி, சரியான அளவைத் தேடிக்கொண்டிருந்தார். குளிப்பாட்டும்போது சோப்பில் வழுக்கிவிடாமல் குழந்தையின் குதிகாலைப் பிடிப்பார்களே, அந்த அளவுக்கு வந்ததும் கை அப்படியே நின்றது.