நான் உட்கார்ந்தால் மட்டும்

என் வீட்டுக்காரர் உட்கார்ந்தால் கம்ப்யூட்டர் நல்ல பிள்ளையாக ஓடும். நான் உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் திரை நீலமாகி, என்னவோ கிறுக்கிவிட்டு, அணைந்து மறுபடி எழும். இதற்கு யாராவது காரணம் சொல்லுங்கள். எனக்கு மண்டை காய்ந்துவிட்டது.

என் வேலை ஒலிப்பதிவைச் சுத்தம் செய்வது. கதை வாசிப்பவர் இருமியது, தண்ணீர் குடித்தது, வரியைத் திரும்பப் படித்தது எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, ஒரே மூச்சில் வாசித்ததுபோல ஆக்கித் தருவேன். இத்தனை வருஷம் துக்கடா விளம்பரங்களையே வெட்டிக்கொண்டிருந்தவளுக்கு முதல்முறையாக ஒரு முழு நாவல் வந்திருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் வராவிட்டால் வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன் என்று ஒலிப்பதிவுக்கூடத்து அம்மா முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தார்.

அவ்வளவு பெரிய பதிவைத் திறந்ததும் கம்ப்யூட்டர் ஆமையாக நகர்ந்தது. என் புலம்பல் தாங்காமல் வீட்டுக்காரர் கூடுதலாக ஒரு ரேம் நினைவக அட்டை வாங்கிவந்து தானே மாட்டினார். அவர் கைக்கடிகாரம் ரிப்பேர் செய்பவர். வீட்டு முன்னறைதான் கடை. கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு, மூச்சை அடக்கி, பொடிப்பொடி சக்கரங்களை எடுத்து வைக்கிற கை. இதைவிடப் பக்குவமான கை ஊரில் யாருக்கு இருக்கிறது என்று நானும் பக்கத்தில் நின்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

அன்றைக்கே பிடித்தது சனி.

புது ரேமைக் கழற்றினால் பழைய ஆமை வேகத்தில் ஒழுங்காக ஓடியது. சரி, புதுசுதான் கோளாறு என்று, பழசைக் கழற்றிவிட்டுப் புதுசை மட்டும் மாட்டி, கம்ப்யூட்டர் பெட்டியை மேஜைமேல் படுக்கவைத்துப் பார்த்தார். அதுவும் ஓடியது. இரண்டையும் மாட்டி, பெட்டியை மேஜைக்கு அடியில் பழையபடி நிறுத்தி, ரேமைச் சோதிக்கும் புரோகிராமை ஓட்டிவிட்டு, நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து காவல் காத்தார். ஒரு பிழையும் இல்லை என்று வந்தது. அவர் எழுந்தார், நான் உட்கார்ந்தேன். நீலம்.

என் நாத்தனார் ஒரு அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பராமரிப்பவள். பழசும் புதுசும் வேகத்தில் ஒத்துப்போகாமல் இருக்கலாம், சூடாகலாம், கரண்ட் போதாமல் இருக்கலாம் என்று போனில் அடுக்கினாள். வேகத்தைக் குறைத்தோம். ஃபேனைத் திருப்பி வைத்தோம். வயரை மாற்றினோம். அவருக்கு ஓடியது, எனக்குப் படுத்தது.

"உனக்கும் அதுக்கும் ஒத்துக்கலம்மா" என்றார் அவர். "சில பேர் கட்டினா வாட்ச்கூட ஓடாது. நான் பாத்திருக்கேன்."

கேலியாகத்தான் சொன்னார். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. அதைவிடக் கொடுமை, நானே அதைப் பாதி நம்பத் தொடங்கியிருந்தேன்.

வெள்ளிக்கிழமை வேறு வழியில்லாமல் அவர் உட்கார்ந்தார். நான் பின்னால் நின்று எங்கே வெட்ட வேண்டும் என்று சொன்னேன். ஒரு இருமலை எடுப்பதற்குள் அவர் படுத்திய பாட்டில் எனக்கே இருமல் வந்துவிட்டது. நீலத்துக்கும் நீலத்துக்கும் நடுவில் நான் எப்படியோ மற்றதை முடித்திருந்தேன்; பாக்கி கடைசி அத்தியாயம்தான், ஆனால் மத்தியானம் தாண்டியும் அது நகரவில்லை. வாசலில் ஆள் கூப்பிட அவர் எழுந்து போனார்.

நான் உட்கார்ந்தேன். இந்தத் தடவை எதையும் தொடுவதில்லை என்று கைகளைக் கட்டிக்கொண்டேன். பதிவை ஓடவிட்டுக் கேட்க மட்டும் செய்தேன். வாசிப்பவர் தாளம் தப்பாமல் வாசித்துக்கொண்டே போனார். நீலம்.

கை படவில்லை. அப்புறம் என்னதான் பட்டது? குனிந்து பார்த்தேன். என் வலது கால் பெட்டியின் பக்கவாட்டில் சாய்ந்து, நின்றுபோன கதைக்கு இன்னும் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. வேலையில் மூழ்கினால் எனக்கு அப்படித்தான், எத்தனையோ வருஷப் பழக்கம். அவரோ எங்கே உட்கார்ந்தாலும் சம்மணம்.

ஆனால் இத்தனை வருஷம் உதை வாங்கியும் படுக்காத பெட்டி இப்போது ஏன் படுக்கிறது? கரண்டை நிறுத்திவிட்டு மூடியைத் திறந்தேன். பழைய ரேம் கல்லாக நின்றது. புதுசின் ஒரு முனை நகக்கண் அளவு தூக்கியிருந்தது. அதைப் பிடித்துக்கொள்ள வேண்டிய அந்தப் பக்கத்துக் கொக்கி மூடவே இல்லை.

அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். விரல்நுனியால் தடவிக்கொடுப்பதுபோல அழுத்தினார்.

"இதுக்கு மேல அழுத்தினா உடைஞ்சிடும்."

அவர் தொழிலில் அப்படித்தான். எது உள்ளே போக முரண்டு பிடிக்கிறதோ அது தப்பாகப் போகிறது என்று அர்த்தம். கடிகாரத்தின் பின்மூடியை அழுத்தக்கூடத் தனியாக ஒரு கருவி வைத்திருக்கிறார். நான் அவர் கையை விலக்கிவிட்டு, கட்டைவிரலால் என் பலத்தையெல்லாம் கூட்டி அழுத்தினேன். டக்கென்று கொக்கி விழுந்தது. யாரோ தன் பல்லைப் பிடுங்கியதுபோல அவர் முகம் சுளித்தார்.

அந்தக் கொக்கியைத் தானும் ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். பிறகு வாசலில் காத்திருந்தவரை நாளைக்கு வரச்சொல்லி அனுப்பிவிட்டு வந்து என் பின்னால் நின்றார்.

நான் வேலையைத் தொடங்கினேன். கால்கள் இரண்டும் நாற்காலிக்கு அடியில் பின்னிக்கிடந்தன. நம்பிக்கை வரவில்லை. வாசிப்பவர் ஒரு பக்கம் முடித்து அடுத்ததற்குப் போனார்.

"காலை எதுக்கு ஒளிச்சு வெச்சிருக்க? எப்பவும்போல வைம்மா" என்றார் அவர். "கோளாறு உன்கிட்ட இல்ல. நான்தான் ஒழுங்கா மாட்டல."

வைத்தேன். மெதுவாகத் தட்டினேன். ஒன்றும் ஆகவில்லை. ரிப்பேர் முடித்த கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பார்ப்பதுபோல அவர் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னும் நல்லா தட்டு" என்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் நாவல் போய்ச் சேரும்வரை தட்டினேன்.