மூன்றாவது கம்பம்

மலைச்சரிவில் புதைத்த நாற்பது சென்சார்களும் ஐந்து மாதமாக அவளுடைய திரையில் இடம் மாறிக்கொண்டிருந்தன. மண் நகரவில்லை. கணக்குதான் நகர்ந்தது.

மண் சரிந்தால் கீழே எந்த வரிசை வீட்டுக்காரர்களை எழுப்பி வெளியேற்றுவது என்று சொல்ல, ஒவ்வொரு சென்சாரும் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். இடம் தெரிந்த நான்கு கம்பங்களிலிருந்து ரேடியோவில் தூரம் அளந்து அவள் அதைக் கணித்தாள். ஈரம், இலை, பாறை எல்லாம் அந்தத் தூரத்தைக் கெடுத்தன. அதற்குப் பெயர் இரைச்சல். பிழை இரண்டு மீட்டருக்குள் வராவிட்டால் வெள்ளிக்கிழமையோடு அவளை வேலையைவிட்டு அனுப்பிவிடுவதாக அதிகாரி சொல்லியிருந்தார். இன்று வியாழன்.

காலையில்தான் கண்ணில் பட்டது. பிழை எல்லாம் கிழக்கே சாய்ந்திருந்தது. இரைச்சல் அப்படிச் செய்யாது. அது குடிகாரன் மாதிரி, எந்தப் பக்கமும் விழும்.

கம்பங்களை ஒவ்வொன்றாக விலக்கிக் கணக்குப் போட்டாள். மூன்றாவதை விலக்கியதும் நாற்பதும் அடங்கி உட்கார்ந்தன. பிழை ஒன்றரை மீட்டர்.

மற்ற மூன்று கம்பங்களும் நிற்கும் இடத்தை வெளியாட்கள் அளந்தார்கள். மூன்றாவதை அளந்தது அதே அலுவலகத்தில் சர்வேயரான அவளுடைய அண்ணன். எந்தக் கம்பத்தை எவ்வளவு நம்புவது என்று கணக்குக்கு ஒரு எண் கொடுக்க வேண்டும். மற்றவற்றுக்கு ஒன்று கொடுத்திருந்தாள். மூன்றாவதற்கு நான்கு. காரணம் என்ற கட்டத்தில் ‘அண்ணன் அளந்தது’ என்று எழுதியிருந்தாள்.

அதிகாரிக்குப் போன் செய்து, ஒரு கம்பம் தப்பு என்றாள்.

“கம்பமெல்லாம் சரி, கணக்குலதான் கோளாறுன்னு உங்க அண்ணனே எழுதிக் குடுத்திருக்காரேம்மா. போன மாசமே.”

போன மாதம் முழுக்க அவன் அவளோடுதான் சாப்பிட்டான். அவள் புலம்பும்போதெல்லாம், உன் சென்சாருக்குக் கால் முளைத்துவிட்டது என்று சிரித்தான்.

பக்கத்து அறையில் அண்ணன் சர்வே கருவியின் முக்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“மூணாவது கம்பம் வரைக்கும் ஏறினியாண்ணா?”

துணி நிற்கவில்லை. ஒரே முள்ளு என்றான். வரைபடத்தைப் பார்த்து எண்ணைப் போட்டேன் என்றான். கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் என்ன என்று நினைத்தானாம்.

“எழுதிக் குடுத்தியே. அதுவும் முள்ளு குத்தித்தானா?”

துணி நின்றது.

“எனக்கு ரெண்டு புள்ளைங்க, பாப்பா. உனக்கு எங்க போனாலும் வேலை கெடைக்கும்.”

அவள் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். மூன்றாவது கம்பத்துக்கு நேரே இருந்த நான்கை அழித்துப் பூஜ்யம் போட்டாள். காரணம் என்ற கட்டத்தில் பழைய வரி அப்படியே இருந்தது. அண்ணன் அளந்தது.

அதை மாற்றத் தேவையிருக்கவில்லை. அறிக்கையை அதிகாரிக்கு அனுப்பினாள்.