காப்பித்தூள் டப்பாவின் மூடி

"எடுக்காதலே, ஜெபம் பண்ண ஐயர் வர்ற நேரம்" என்று பிரிஸில்லா சொல்லி முடிப்பதற்குள் மெர்வின் போனை எடுத்துவிட்டான். திரையில் ஒரு முகம் வியர்வையோடு சிரித்தது. அதற்குப் பின்னால் ஒரு விமானத்தின் மூக்கு. அப்பாவின் ஐஸ் பெட்டிமேல் வைக்கப்போன மாலை பிரிஸில்லாவின் கையிலேயே நின்றது.

ரஷீத் கராச்சிக்காரன். ஷார்ஜாவில் மெர்வினோடு வேலை பார்ப்பவன், லீவில் ஊருக்குப் போயிருக்கிறான். அங்கே ராணுவ மியூசியத்தில் சண்டையில் பிடிபட்ட இந்திய விமானம் ஒன்று நிற்கிறது, வெள்ளிக்கிழமை போய் அங்கிளுக்குக் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தான். அப்பா சத்தியநேசன் அந்த வெள்ளிக்கிழமைக்காகத்தான் கஞ்சி குடித்துக்கொண்டு கிடந்தார். வியாழக்கிழமை சாயங்காலம் போய்விட்டார். ரஷீதுக்குச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை.

"அங்கிள்கிட்ட குடுன்னு கேக்கான்க்கா. என்னத்தச் சொல்ல?"

"உள்ளதச் சொல்லு. கட் பண்ணிராத."

இருவரும் அடுக்களைக்குள் ஒதுங்கினார்கள். மெர்வின் இந்தியில் சொன்னான்.

"நேத்தே வந்திருக்கலாமேங்கான். இப்பம் என்ன செய்யட்டும்னு கேக்கான்."

"வந்தது வந்துட்டான், காட்டச் சொல்லு."

அப்பா விமானப்படையில் ஃபிட்டர். கல்யாணமான ஆறாம் மாதம் பாகிஸ்தானோடு சண்டை வந்தது. அவர் பழுது பார்த்து அனுப்பிய குட்டி விமானம் ஒன்று வழிதவறி எல்லைக்கு அந்தப் பக்கம் இறங்கிவிட்டது. ஓட்டிப்போனவர் பிறகு விடுதலையாகி வந்தார். விமானம் வரவில்லை. எரிச்சிருப்பானோ, உடைச்சிருப்பானோ என்று சாகிறவரை கேட்டுக்கொண்டிருந்தார் அப்பா.

"நம்பர் சரியில்லக்கா. போர்டுல ஒண்ணு இருக்கு, வால்ல வேற ஒண்ணு இருக்கு. இது அப்பாது இல்ல போல."

"லே, நம்பரு பெயிண்டுதானே? பெயிண்ட யாரும் அடிக்கலாம். அப்பா என்னைக்காவது நம்பரச் சொன்னாவளா? ஒட்டுப் போட்ட கதையத்தான் சொன்னாவ. ஓட்டையில வச்ச வட்டத் தகடு, ஒரு பக்கம் மட்டும் சப்பையா இருக்கும்னு."

"எந்த எடத்துல?"

பிரிஸில்லாவுக்கு அது மட்டும் வரவில்லை. எத்தனை தரம் கேட்ட கதை! றெக்கையா, வயிறா? "மியூசியத்த மூடப்போறானாம்" என்றான் மெர்வின். அவள் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கூடத்துக்கு ஓடினாள். பாமாலை பாடிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அம்மா ஞானசௌந்தரி பெட்டியருகே நாற்காலியில் இருந்தாள். நேற்றிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. அந்த விமானத்துக்கே தாலி கட்டியிருக்கலாம் ஒங்கப்பா என்று ஆயுசெல்லாம் ஏசியவள்.

"யம்மா, அப்பா ஒட்டுப் போட்டது எங்கன?"

அம்மா போனைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள்.

"வாலுக்குக் கீழ. வலது பக்கம். காப்பித்தூள் டப்பா மூடிய எடுத்துட்டு வா."

"அது எதுக்கு?"

"சண்டைக்குப் போறப்பம் நான் முந்திரிக்கொத்துப் பலகாரம் போட்டுக் குடுத்துவிட்ட டப்பாதாம்ட்டி அது. போற வழியில ரயில்ல கீழ போட்டு நெளிச்சுட்டாவ. வட்டம் போட வேற ஒண்ணும் கையில கெடைக்கலன்னு அந்த மூடிய வச்சுத்தான் தகட்ட வெட்டுனாவ."

பிரிஸில்லா மூடியோடு வந்தபோது திரையில் ரஷீத் தடுப்புக் கயிற்றைத் தாண்டி வாலுக்குக் கீழே குனிந்திருந்தான். பச்சைப் பெயிண்டு, வழவழவென்று. ஒன்றுமே தெரியவில்லை.

"தடவிப் பாக்கச் சொல்லு!"

விரல் நகர்ந்தது. நின்றது. அதற்குள் காவல்காரர் ஒருவர் கத்திக்கொண்டு ஓடிவந்தார். ரஷீத் என்னவோ கெஞ்சினான்.

"என்னலே சொல்லுதாவ?"

"இத ஒட்டுப் போட்டவரு செத்துட்டாரான்னு காவக்காரரு கேக்காரு… யக்கா, டார்ச்ச எடுக்காரு!"

காவல்காரர் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தார். பக்கவாட்டில் வெளிச்சம் பட்டதும் பெயிண்டுக்கு அடியிலிருந்து ரிவிட்டுகள் ஒவ்வொன்றாய் முளைத்தன. வட்டமாக வந்து, ஓரிடத்தில் மட்டும் நேர்கோடாக ஓடி, மறுபடி வளைந்தன.

பிரிஸில்லா மூடியைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள். திருப்பினாள். இன்னும் கொஞ்சம் திருப்பினாள்.

"அப்பாதுலே! அப்பாதுதாம்லே!"

பாட்டு அறுந்தது. பெண்கள் பெட்டியைச் சுற்றி எக்கிப் பார்த்தார்கள். மெர்வின் சிரித்தான், கண் வழிந்தது.

"துட்டி விழுந்த வீட்டுல என்ன சிரிப்பு, பிள்ளையளா?" என்ற அடுத்த வீட்டு சித்ரலேகா, "எங்க, எனக்குக் காட்டு" என்று தலையை நுழைத்தாள்.

"மொதல்ல அவியளுக்குக் காட்டுலே" என்று பெட்டியைக் காட்டினாள் அம்மா.

மெர்வின் போனைப் பெட்டியின் கண்ணாடிமேல் பிடித்தான். டார்ச் வெளிச்சம் அப்பாவின் நெற்றியில் லேசாக ஆடியது. வாசலில் ஐயர் செருப்பைக் கழற்றிவிட்டு, வேதப்புத்தகத்தோடு காத்து நின்றார்.

ஜெபம் முடிந்து பெட்டியைத் திறந்தபோது, பிரிஸில்லா மூடியை அப்பாவின் கையருகே வைக்கப் போனாள்.

"அத இங்கன குடு. தூளு நமத்துப் போவும்."

அம்மா மூடியை முந்தானையில் துடைத்துக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். சப்பைப் பக்கம் டப்பாவின் நெளிவில் பொருந்தும்வரை பையத் திருப்பினாள். பிறகு உள்ளங்கையால் அழுத்தி, கையை எடுக்காமல் நின்றாள்.